6.5 இன்ச் வூஃபர், 1 இன்ச் டோம்: பெட்டி அளவும் கிராஸ்ஓவரும் சரியா?

புதுப்பெட்டி

வணக்கம். ஸ்டீரியோ ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை பெட்டி, கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று) எல்லாமே சொந்தமாகக் கட்டப் போகிறேன். டிரைவர்கள் கையில் இருக்கின்றன, மரம் இன்னும் அறுக்கவில்லை.

வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கு): காகிதக் கூம்பு, 8 ஓம். டேட்டாஷீட்டில் எஃப்எஸ் (இயல்பு அதிர்வு) 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்கும் என்ற எண்) 0.36, க்யூஇஎஸ் (அதில் மின்பக்கத்தின் எண்) 0.40, வாஸ் (கூம்பின் பிடிப்புக்குச் சமமான காற்றின் அளவு) 24 லிட்டர், ஆர்இ (டி.சி. தடை) 5.8 ஓம், எல்இ (இண்டக்டன்ஸ்) 0.5 மில்லிஹென்றி, எக்ஸ்மேக்ஸ் (கூம்பு நகரும் எல்லை) 5 மி.மீ., 2.83 வோல்ட்டுக்கு 89 டெசிபெல். ஃபிரேம் விட்டம் 166 மி.மீ.

ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கு): துணி டோம், 8 ஓம், எஃப்எஸ் 750 ஹெர்ட்ஸ், 92 டெசிபெல், முகத்தகடு 104 மி.மீ.

என் கேள்விகள்:

மூடிய பெட்டி நல்லதா, போர்ட் (காற்றுக் குழாய்) வைத்ததா? 18 மி.மீ. எம்.டி.எஃப்பில் (அழுத்திய மரநார்ப் பலகை) வெளி அளவு 22 × 40 × 30 செ.மீ. என்று நினைத்திருக்கிறேன்.

கிராஸ்ஓவருக்கு இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் 2200 ஹெர்ட்ஸ், 8 ஓம், இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி (ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரியும் ஃபில்டர் வகை) என்று போட்டேன். காயில் 1.16 மில்லிஹென்றி, கெபாசிட்டர் 4.5 மைக்ரோஃபாரட் என்று வருகிறது, இரண்டு பக்கத்துக்கும் அதே மதிப்பு. அப்படியே வாங்கிவிடலாமா?

மரத்தூள்

பெட்டியை மட்டும் நான் சொல்கிறேன், கிராஸ்ஓவருக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். காயிலை மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுத்தால் 100 வருகிறது. 50 பக்கம் வந்தால் மூடிய பெட்டி, 100 பக்கம் வந்தால் போர்ட், இது பழைய கணக்கு. உங்கள் வூஃபர் போர்ட்டுக்கே பிறந்தது. மூடியே ஆக வேண்டும் என்றால் 8 லிட்டரில் பெட்டியின் க்யூ 0.72, அதிர்வு 80 ஹெர்ட்ஸ். 15 லிட்டர் தாண்டிய பெட்டியில் 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த போர்ட் வைத்தால் 3 டெசிபெல் இறங்கும் இடம் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸுக்குப் போகும். சப்வூஃபர் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மூடிய பெட்டிதான் வசதி, இல்லாவிட்டால் போர்ட்.

உங்கள் அளவுக்கு உள்ளே 184 × 364 × 264 மி.மீ. கிடைக்கும். அது 17.7 லிட்டர். வூஃபரின் உடம்பு, போர்ட் குழாய், குறுக்குப் பலகை, கிராஸ்ஓவர் போர்டு எல்லாம் சேர்ந்து இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே விழுங்கும். மிச்சம் 15.5. தாராளமாகப் போதும்.

ஜோடிக்கு அறுக்க வேண்டியவை:

முன், பின் பலகைகள்: 220 × 400 மி.மீ., 4
பக்கங்கள்: 400 × 264 மி.மீ., 4
மேல், கீழ், குறுக்கு: 184 × 264 மி.மீ., 6

எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதி போதும், மீதியும் வரும். முன் பலகையை மட்டும் இரண்டு மி.மீ. பெரிதாக அறுத்து ஒட்டிவிட்டு, பிறகு ரூட்டரில் பேரிங் பிட் வைத்து வழித்துவிடுங்கள். அளவாக அறுத்து அளவாக ஒட்டுகிறேன் என்று இறங்கினால் அரை மி.மீ. எங்காவது இடிக்கும்.

ட்வீட்டர் மையம் மேலிருந்து 75 மி.மீ., வூஃபர் மையம் 215 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 140. 2200 ஹெர்ட்ஸின் அலைநீளம் 156 மி.மீ., அதற்குள் இருப்பது நல்லது. குறுக்குப் பலகையை இரண்டு துளைகளுக்கும் இடையே, மேலிருந்து 118 முதல் 136 வரை வரும்படி வையுங்கள். அதன் நடுவே பாதிப் பரப்பை ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டாமல் வைத்தால் பெட்டி இரண்டு அறையாகிவிடும், கணக்கு முழுக்கப் போச்சு.

டிரைவர் துளையில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரூட்டரை வட்ட ஜிக்கில் பூட்டி, மையத்தில் ஆணி அடித்துச் சுற்றுவீர்கள். முதலில் ஃபிரேம் உட்காரும் பள்ளத்தை எடுங்கள், பிறகுதான் மறுபக்கம் வரை போகும் துளை. மாற்றிச் செய்தால் நடுத்துண்டு கழன்று விழும், அதோடு மைய ஆணியும் போய்விடும், பள்ளம் எடுக்க எதைப் பிடித்துச் சுற்றுவது? பள்ளத்தின் ஆழத்தை டேட்டாஷீட்டைப் பார்த்து வைக்காதீர்கள். வெர்னியரில் ஃபிரேமை அளந்து, கேஸ்கெட் நசுங்கும் தடிமனையும் சேர்த்து, முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பாருங்கள்.

வூஃபர் துளையின் உட்பக்க விளிம்பை 45 டிகிரிக்குச் சீவிவிடுங்கள். 18 மி.மீ. கனத்தில் அது ஒரு குட்டிக் குழாய் மாதிரி. சீவாவிட்டால் கூம்பின் பின்பக்கத்துக்கு மூச்சு முட்டும். ஸ்க்ரூ பிடிக்கும் இடத்தில் மட்டும் சீவாமல் விடுங்கள், இல்லாவிட்டால் மரம் பிடிக்காது.

போர்ட்: உள்விட்டம் 5 செ.மீ. குழாய். 15.5 லிட்டர், 45 ஹெர்ட்ஸ் என்றால் நீளம் 15 செ.மீ. வரும். 17-க்கு வெட்டி மாட்டுங்கள். குறைப்பது எளிது, கூட்ட முடியாது. பின் பலகையில் மேலிருந்து 305 மி.மீ.யில் வைத்தால் வூஃபர் காந்தத்துக்கு நேர் பின்னால் வராது.

எம்.டி.எஃப் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் ரூட்டரை ஆன் செய்யாதீர்கள்.

மைக்ரோஃபாரட்

கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் தப்பு. 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினால் அந்த 1.16-ம் 4.5-ம் அச்சாக வேலை செய்யும். உங்கள் வூஃபர் ரெசிஸ்டர் இல்லையே. வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் 2200-இல் அதன் இம்பீடன்ஸ் (மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடை) 9 ஓம் பக்கம் ஏறியிருக்கும், ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நேரநிலை) நகர்ந்திருக்கும். அது போக, வூஃபர் தானாகவே மேலே சரியும், ட்வீட்டர் தானாகவே கீழே சரியும். மின்சுற்றின் சரிவும் டிரைவரின் சொந்தச் சரிவும் கூடி வருவதுதான் காதுக்குக் கேட்கும். இரண்டாம் படிச் சுற்று போட்டாலும் ஒலியில் நான்காம் படி கிடைப்பது அதனால்தான். குறி வைக்க வேண்டியதும் அந்த ஒலிச் சரிவைத்தான்.

அடுத்தது முகப்புப் பலகையின் அகலம். உயர்ந்த அலைவரிசையில் பலகை ஒலியை முன்னால் மட்டும் தள்ளும். தாழ்ந்ததில் ஒலி பின்பக்கமும் சுற்றிப் போய்விடும். மாற்றம் நடக்கும் இடம் தோராயமாக 115-ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தது. 0.22 மீட்டருக்கு 520 ஹெர்ட்ஸ். திறந்த வெளியில் அதற்குக் கீழே 6 டெசிபெல் வரை குறையும். அறையில் சுவர் கொஞ்சம் திருப்பித் தரும் என்பதால் 4 டெசிபெல் ஈடு செய்தால் பொதுவாகப் போதும்; சுவரோடு ஒட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் குறைவு. கால்குலேட்டர் மதிப்பில் கட்டிய பெட்டி 'வாய்ஸ் நல்லா இருக்கு, ஆனா சதையே இல்ல' என்று கேட்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

ஈடு என்றால் பேஸை ஏற்றுவது கிடையாது, மேலே இருப்பதை இறக்குவது. வூஃபரின் 89, 85 ஆகும். ட்வீட்டர் 92-இல் இருக்கிறது, அதை 7 டெசிபெல் இறக்க வேண்டும். தொடரில் 4.7 ஓம், ட்வீட்டருக்கு இணையாக 6.8 ஓம் போட்டால் சரியாக அந்த 7 வரும், சுற்றுக்குத் தெரியும் சுமையும் 8.4 ஓமில் நிற்கும். ஃபில்டருக்குப் பிறகு, ட்வீட்டருக்கு முன்னால். 10 வாட் வயர்வவுண்ட், போர்டிலிருந்து சில மி.மீ. தூக்கி வையுங்கள், சுடும்.

வூஃபர் பக்கம் ஈட்டையும் சேர்த்துச் செய்ய காயில் பெரிதாகும். சிமுலேட்டரைத் தொடங்க 2 மில்லிஹென்றி, 10 மைக்ரோஃபாரட் வைத்துக்கொள்ளுங்கள். ட்வீட்டருக்குத் தொடரில் 4.7 முதல் 8.2 மைக்ரோஃபாரட், இணையாக 0.27 முதல் 0.5 மில்லிஹென்றி என்ற எல்லைக்குள் எங்காவது வரும். இவையெல்லாம் தொடக்கப் புள்ளிகள். இதை வைத்துக் கடைக்குப் போகாதீர்கள்.

ஜோபெல் (வூஃபரின் ஏறும் இம்பீடன்ஸைச் சமப்படுத்தும் சுற்று) பற்றி யாராவது கேட்பார்கள்: 7.5 ஓம், 10 மைக்ரோஃபாரட். அளந்த இம்பீடன்ஸை வைத்து சிமுலேட்டரில் வேலை செய்தால் அது கட்டாயம் இல்லை.

வூஃபர் காயிலின் டி.சி. தடையைப் பாருங்கள். 0.4 ஓம் என்றால் க்யூடிஎஸ் 0.36-இலிருந்து 0.38-க்கு நகரும், பெட்டிக் கணக்கில் அதைத்தான் போட வேண்டும். மெல்லிய கம்பியில் சுற்றி 1 ஓம் காட்டும் காயில் என்றால் பேஸ் தொளதொளக்கும். ட்வீட்டரின் தொடர் கெபாசிட்டர் பாலிபுரொப்பிலீன்; வூஃபருக்கு இணையாக வருவது நல்ல பைபோலார் எலக்ட்ரோலிட்டிக்காக இருந்தாலே போதும். சாதாரண பவர் சப்ளை எலக்ட்ரோலிட்டிக் கூடவே கூடாது, போலாரிட்டி உள்ளது.

அரைஅலை

மேலே இருவரும் சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரி. எலக்ட்ரோலிட்டிக்கின் மதிப்பு 10 சதவீதம் தள்ளியிருக்கும், வருஷம் போகப் போக நகரவும் செய்யும். போட்டால் எல்.சி.ஆர். மீட்டரில் அளந்து, இரண்டு பெட்டிக்கும் ஒரே மதிப்பு வரும் ஜோடியாகப் பொறுக்குங்கள். ஸ்டீரியோ பிம்பத்துக்கு விலையுயர்ந்த கெபாசிட்டரைவிட இடமும் வலமும் ஒத்துப்போவதுதான் முக்கியம்.

இனி அளவை. வரிசை இப்படி: பெட்டியைக் கட்டு, டிரைவரை மாட்டு, கிராஸ்ஓவர் இல்லாமல் தனித்தனியாக அள, சிமுலேட்டரில் வரை, அப்புறம் பார்ட்ஸ் வாங்கு. தயாரிப்பாளர் தரும் வரைபடம் மிகப் பெரிய பலகையில் எடுத்தது. உங்கள் 22 செ.மீ. பலகையின் விளிம்புச் சிதறல் அதில் இருக்காது.

அளக்க ஆர்.இ.டபிள்யூ, வடிவமைக்க விட்யூயிக்ஸ்கேட் சிமுலேட்டர், இரண்டும் இலவச மென்பொருள்கள். காலிபரேஷன் கோப்புடன் வரும் அளவை மைக் ஒன்று வேண்டும். யூ.எஸ்.பி. மைக்கில் ஒரு சிக்கல்: ஒலி போகும் நேரத்தை அது தானாக நிலையாகப் பிடிக்காது. ஆர்.இ.டபிள்யூவில் ஒலிவழி நேரக் குறிப்பு வைத்து ஓட்டலாம். இல்லையென்றால் இரண்டு சேனல் சவுண்ட் கார்டில் ஒன்றை லூப்பாகத் திருப்பிவிட்டு எக்ஸ்.எல்.ஆர். மைக். நேரம் சரியில்லாத அளவையில் ஃபேஸ் பொய், ஃபேஸ் பொய்யானால் கிராஸ்ஓவரும் பொய்.

பெட்டியை அறையின் நடுவே, ட்வீட்டர் மையம் 1.2 மீ. உயரத்தில் வரும்படி வையுங்கள். மைக் 1 மீ. தள்ளி, ட்வீட்டர் மையத்துக்கு நேராக. தரையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 1.6 மீ. கூடுதலாக நடக்கும், அதாவது 4.6 மில்லி விநாடி தாமதம். மென்பொருளில் அளவையின் நேர ஜன்னலை அதற்கு முன் மூடி, பிறகு வரும் ஒலியை வெட்டிவிட்டால் 215 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை நம்பலாம். வூஃபரை அளக்கும்போதும் மைக்கை ட்வீட்டர் மட்டத்திலிருந்து நகர்த்தாதீர்கள். 'வூஃபருக்கு நேரா இறக்கினா இன்னும் துல்லியம்' என்று தோன்றும், இறக்கினால் இரண்டு டிரைவருக்கும் இடையே உள்ள தூர வித்தியாசம் கையை விட்டுப் போகும்.

215-க்குக் கீழே வேண்டுமென்றால் கூம்பின் நடுவில் 5 மி.மீ. தூரத்தில் மைக்கை வைத்து எடுத்து, 300 பக்கம் ஒட்டுங்கள். அந்த அருகளவையில் பலகையின் 6 டெசிபெல் படி தெரியாது. பலகைச் சிதறலின் கணினி மாதிரியைச் சேர்த்த பிறகே ஒட்ட வேண்டும்; மறந்தால் பேஸ் ஏராளமாக இருப்பது போல் காட்டி ஏமாற்றும்.

ட்வீட்டருக்கு ஸ்வீப்பை (அலைவரிசை ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலி) 500 ஹெர்ட்ஸிலிருந்து, குறைந்த வோல்டேஜில் ஆரம்பியுங்கள். 1.5 வோல்ட் பேட்டரி வைத்து கூம்பு வெளியே வருகிறதா என்று போலாரிட்டி பார்க்கும் வித்தை வூஃபருக்கு மட்டும்.

இன்னொன்று. வூஃபரை மாட்டும்போது காந்தம் திருப்புளியை இழுக்கும். ஸ்க்ரூ தலையிலிருந்து நழுவிய முனை நேராகக் கூம்பில் இறங்கிவிடும். கூம்பை மூடி ஒரு அட்டை வட்டம் வைத்துவிட்டு முடுக்குங்கள், கடைசிச் சுற்று கையால்.

புதுப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. பெட்டி இரண்டும் முடிந்துவிட்டன, அளவைகளும் எடுத்துவிட்டேன். மூன்று இடத்தில் சந்தேகம்.

ஒன்று, இம்பீடன்ஸ் கோட்டில் இரண்டு மேடு, நடுவே பள்ளம் 43 ஹெர்ட்ஸில். குழாய் இப்போது 17 செ.மீ.

இரண்டு, அதே கோட்டில் 650 ஹெர்ட்ஸில் ஒரு சின்னச் சுருக்கம், இரண்டு பெட்டியிலும் அதே இடம். பலகை அதிர்கிறதா? பின் சுவரில் மட்டும் 10 மி.மீ. ஃபோம் ஒட்டியிருக்கிறேன்.

மூன்று, முதல் கிராஸ்ஓவரைக் கடன் வாங்கிய பார்ட்ஸில் கட்டிப் பார்த்தேன். நேராக இணைத்தால் 2200-இல் 2 டெசிபெல் பள்ளம். ட்வீட்டரைத் திருப்பி இணைத்தால் ஆழமான பள்ளம் விழ வேண்டும் என்று படித்தேன், 8 டெசிபெல்தான் விழுகிறது.

அரைஅலை

முதலாவது எதிர்பார்த்தது. அந்தப் பள்ளம் இருக்கும் இடம்தான் உங்கள் டியூனிங். 2 செ.மீ. வெட்டினால் 45-க்கு வரும். ஒரேயடியாக வேண்டாம், ஒரு செ.மீ. வெட்டி அளந்து, மறுபடி ஒரு செ.மீ. இரண்டு பெட்டியிலும் பள்ளம் ஒரே ஹெர்ட்ஸில் விழ வேண்டும், குழாய் நீளம் ஒன்றிரண்டு மி.மீ. வேறுபட்டாலும் பரவாயில்லை.

இரண்டாவது பலகை இல்லை, காற்று. உள் ஆழம் 264 மி.மீ.; ஒலியின் வேகம் 344-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 651. முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கும் அலை. உயரத்தின் அலை 472-இல் வந்திருக்க வேண்டும், ஆனால் வூஃபர் கிட்டத்தட்ட நடு உயரத்தில் இருப்பதால் அதைத் தட்டி எழுப்பவில்லை. அந்த 10 மி.மீ. ஃபோம் சுவரோடு ஒட்டி இருக்கிறது. சுவரில் காற்று நகராது, அழுத்தம் மட்டும்தான் இருக்கும், அங்கே ஃபோம் பிடிக்க ஒன்றுமில்லை. காற்று அதிகம் ஓடுவது ஆழத்தின் பாதியில். பாலியெஸ்டர் பஞ்சையோ கம்பளி விரிப்பையோ 40, 50 மி.மீ. கனத்தில் வூஃபருக்குப் பின்னால் நடு ஆழம் வரை வரும்படி நிறுத்துங்கள். போர்ட்டின் உள்வாயைச் சுற்றி ஒரு கை அகலம் காலி. 15 செ.மீ.க்கு வெட்டிய குழாயின் வாய் சரியாக நடு ஆழத்தில் முடிகிறது, அதனால் 650 அதன் வழியே வெளியே அவ்வளவாகக் கசியாது. அதிர்ஷ்டம்தான்.

மைக்ரோஃபாரட்

மூன்றாவது என் பங்கு. திருப்பி இணைத்தால் விழும் பள்ளம் 20 டெசிபெல்லுக்குக் குறையாமல் ஆழமாக இருந்தால் கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டு டிரைவரும் ஒரே ஃபேஸில் இருக்கின்றன என்று அர்த்தம். 8 என்றால் ஃபேஸ் ஐம்பது டிகிரி பக்கம் விலகியிருக்கிறது. காரணம் கண்ணுக்கே தெரியும்: வூஃபர் கூம்பின் ஆழத்தில் இருக்கும் வாய்ஸ் காயில், ட்வீட்டர் டோமைவிட இரண்டு செ.மீ.க்கு மேல் பின்னால். 22 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 156 மி.மீ. அலைநீளத்தில் 50 டிகிரி.

தாமதமாக வரும் வூஃபரை ஃபில்டரும் சேர்ந்து தாமதப்படுத்தக் கூடாது. அதன் இணைக் கெபாசிட்டரை 10-இலிருந்து 8.2, 6.8 என்று குறைத்துக்கொண்டே வந்து சிமுலேட்டரில் இரண்டு ஃபேஸ் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா பாருங்கள். 2200-இல் மட்டும் தொட்டால் போதாது, 1500 முதல் 3200 வரை சேர்ந்து ஓட வேண்டும். அப்படியும் வூஃபர் மேலே நீண்டால் அந்தக் கெபாசிட்டரோடு தொடரில் 1 அல்லது 2 ஓம் சேர்த்துப் பார்க்கலாம். மரவேலை செய்பவர்கள் முகப்பைப் பின்னால் சாய்த்துச் சரிசெய்வார்கள். உங்களுக்கு அது 9 டிகிரி, பெட்டி ஏற்கெனவே ஒட்டியாச்சு, விடுங்கள்.

கட்டிய போர்டில் காயில் இரண்டும் எப்படி இருக்கின்றன? ஒரே திசையில் பக்கத்தில் படுத்திருந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும். 10 செ.மீ. தள்ளி, ஒன்று படுத்தால் மற்றது நிற்க வேண்டும். நடுவே இரும்பு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால் மதிப்பே மாறியிருக்கும். பித்தளை ஸ்க்ரூ, அல்லது பிளாஸ்டிக் கட்டு.

மரத்தூள்

மறுபடி வூஃபரைத் திறந்து மூடப் போகிறீர்கள் அல்லவா, மூடிய பிறகு காற்றுக் கசிவு பாருங்கள். போர்ட்டை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, தூசி மூடியைச் சுற்றி விரல்களைப் பரப்பிக் கூம்பை மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். சோம்பலாக, ஒரு நொடி எடுத்துக்கொண்டு திரும்பினால் சரி. உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் பின்னால் இருக்கும் டெர்மினல் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும், டிரைவர் கேஸ்கெட்டை அதற்குப் பிறகு சந்தேகப்படலாம்.

பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் எம்.டி.எஃப்பின் அறுத்த முனைகளில் தண்ணீர் கலந்த மரப்பசையை இரண்டு முறை தடவி, காய்ந்ததும் 240 நம்பர் தாளில் தேய்த்துவிட்டுப் பிரைமர். அந்த முனை ஸ்பஞ்ச் மாதிரி பெயிண்டைக் குடிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் சில மாதத்தில் பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு எழும்பி வரும். அது பிடிக்காது என்றால் வெனீர் ஒட்டிவிடுங்கள்.

புதுப்பெட்டி

குழாய் 15 செ.மீ., பள்ளம் இரண்டு பெட்டியிலும் 45. கம்பளி நிறுத்தியதும் 650 சுருக்கம் தேடினால்தான் தெரிகிறது. காயில் இரண்டும் 4 செ.மீ. இடைவெளியில் படுத்துத்தான் இருந்தன, பிரித்து ஒன்றை நிறுத்தினேன். கெபாசிட்டர் 6.8, அதோடு 1 ஓம். திருப்பி இணைத்தால் இப்போது 2150-இல் 24 டெசிபெல் விழுகிறது. இனி பார்ட்ஸ் ஆர்டர் போடலாம்தானே?

மைக்ரோஃபாரட்

போடுங்கள். 4.7 ஓமோடு 3.9-உம் 5.6-உம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இணையில் இருக்கும் 6.8 அப்படியே இருக்கட்டும், தொடரில் 3.9 போட்டால் ட்வீட்டர் ஒரு டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவாக ஏறும், 5.6 போட்டால் அதே அளவு இறங்கும். அந்தக் கடைசி ஒரு டெசிபெல்லை உங்கள் அறைதான் முடிவு செய்ய வேண்டும், மைக் இல்லை.